நூலால் விலங்கு அறுத்த தாய்

சென்னை மெரினாக் கடற்கரையில் தமிழ்த் தொண்டர் வரிசையில் நிற்கும் கால்டுவெல் ஐயரின் சிலையை வாசகர்களுள் பலர் கண்டிருப்பர். 1968-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பப்பெற்ற சிலை அது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் உலகுக்குத் தந்த அப்பெருமகனை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவருடைய மாமியாரை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

அவ்வம்மையாரின் பெயர் மார்த்தா மால்ட். 1794-இல் பிறந்து 1870-இல் மறைந்தவர். இலக்கண நூல் எதனையும் அவர் எழுதவில்லை. பெரும் ஆலயம் எதனையும் கட்டவில்லை. நூலும் ஊசியும் திண்டுமே அவர் கையாண்ட கருவிகள். அவற்றைக் கொண்டு அவர் செய்த காரியமோ, அரசர்களும் அதிகாரிகளும் செய்யத் தயங்கிய காரியம்.

மார்த்தா அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். இலண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த போதகர் ஒருவரின் மனைவி. பிரிந்த சகோதரர்களின் வீட்டு விளக்காயினும் விளக்கு விளக்கே. நூலையே நம்பி உலை வைக்கும் திருப்பூர் வட்டாரத்துக் குடும்பங்கள் இவரை நன்றியோடு நினைப்பது தகும் என்று கருதுகிறோம்.

கடல் கடந்து வந்த இல்லத்தரசி

1819-ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் மால்ட் என்ற போதகரும் அவர் துணைவியார் மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தனர். அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. (இன்றைய குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று.) முதல் போதகராகிய ரிங்கல்தௌபே மயிலாடியில் நட்ட விதை அப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னதாகவே மீட் போதகர் வந்து பணியைத் தொடங்கியிருந்தார்.

போதகரின் பெயர் சங்கத்தின் ஏட்டில் ஏறும். ஊதியமும் அவர் பெயருக்கே வரும். அவர் மனைவி செய்யும் வேலைக்குத் தனிப் பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை. "இன்னாரின் மனைவி" என்பதே அவருக்கு உரிய முகவரி. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, வீட்டைப் பேணி, மிகுந்த நேரத்தில் ஊழியத்துக்குத் தோள் கொடுப்பது அவர் கடமை. இந்த நிலையில் இருந்துகொண்டுதான் மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். தம் உழைப்புக்கு ஒரு காசும் பெறாத அவர், தம்மிடம் வந்த ஏழைச் சிறுமிகளின் உழைப்புக்குக் காசு கிடைத்தாகவேண்டும் என்று உறுதிகொண்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

உடையவனும் உடைமையும்

அந்தச் சிறுமிகள் யார்? அவர்களுள் சிலர் அடிமைகள். ஆம், அந்நாளைய திருவிதாங்கூரில் மனிதர் மனிதரை நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து விற்றனர், வாங்கினர், அடகு வைத்தனர். அடிமைத் தாய் பெற்ற பிள்ளையும் அடிமையே. அது யாருக்கு உழைப்பது என்பதைப் பெற்றவள் தீர்மானிப்பதில்லை, உடையவனே தீர்மானிப்பான்.

அடிமையல்லாத எளிய குலத்துப் பெண்களுக்கும் அவமானம் குறைவில்லை. மார்பை மேலாடையால் மூடும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. போதகர்களின் மனைவியர் அப்பெண்களுக்குத் தளர்வான குப்பாயம் ஒன்றைத் தைக்கக் கற்பித்தனர். ஒரு சட்டைத் துணிக்காக எத்தனை அடி, எத்தனை கலவரம், எத்தனை வழக்கு! 1820-களில் மூண்ட தோள்சீலைப் போராட்டம் 1859-ஆம் ஆண்டு அரசாணை வெளிவரும் வரை அடங்கவில்லை. ஓராண்டில் கோடி கோடியாய்ச் சட்டை தைத்து உலகுக்கு அனுப்பும் ஊர் நம்முடையது. ஒரு சட்டையை உடுத்துவதற்காக நம் நாட்டுப் பெண்கள் இரத்தம் சிந்திய காலமும் இருந்தது.

திண்டும் நூலும்

பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதே அரிது. சேர்ந்தவர்க்குச் சோறும் துணியும் வேண்டும். அதற்கும் மேலாக, பெண் படித்து என்ன பயன் என்று கேட்கும் ஊருக்குக் கண்ணால் காணத்தக்க விடை ஒன்று வேண்டும். 1821-ஆம் ஆண்டளவில் மார்த்தா அம்மையார் அந்த விடையைக் கண்டார். தாம் அறிந்திருந்த லேஸ் பின்னும் கலையை அச்சிறுமிகளுக்குக் கற்பித்தார்.

லேஸ் பின்னுவது நெசவும் அன்று, தையலும் அன்று. கெட்டியாக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட காகித மாதிரியை விரிக்கவேண்டும். துளைகளில் குண்டூசிகளைக் குத்தவேண்டும். நூல் சுற்றிய சிறு மரக்கழிகளை இரண்டிரண்டாய்க் கையில் எடுத்து, ஒன்றை ஒன்றின்மேல் கடத்தி, முறுக்கி, ஊசிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டே செல்லவேண்டும். கண் கூர்மையும் விரல் நிதானமும் பொறுமையும் இன்றி ஒரு விரற்கடை லேஸும் விளையாது. எண்ணிக்கை தவறினால் பூ சிதைந்துவிடும். வயலில் சேறு மிதித்த கைகள் இதைக் கற்குமா என்று ஐயுற்றவர்கள் வியக்கும்படி அக்கைகள் கற்றன.

செல்வச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கும் கைம்முனைக்கும் அழகு சேர்ப்பது லேஸ். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களும் இங்கிலாந்தில் இருந்தவர்களும் அதை விலை கொடுத்து வாங்கினர். அப்பணத்தின் ஒரு பகுதி பள்ளியின் செலவுக்கு உதவிற்று. பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது. அந்தக் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள்!

இதை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கவேண்டுகிறோம். அச்சிறுமிகளுக்காக இரங்கி யாரேனும் ஒருவர் பணம் கட்டி மீட்டிருக்கலாம், அதுவும் அறமே. ஆனால் அம்மையார் அதனினும் மேலான ஒன்றைச் செய்தார். உன்னை மீட்கும் ஆற்றல் உன் விரல்களிலேயே இருக்கிறது என்று காட்டினார். பிறர் மீட்டால் நன்றிக்கடன் மிஞ்சும். தன் உழைப்பால் தன்னை மீட்டவளுக்கோ நிமிர்ந்த தலை மிஞ்சும். பிச்சைக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று போதகர்கள் 1847-இல் அரசருக்கு மனுச் செய்தனர். அடிமை முறையை முற்றிலும் நீக்கும் ஆணை வந்தது 1855-இல். அரசு எழுதுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே சில சிறுமிகளின் விரல்கள் அந்த ஆணையை நூலால் எழுதத் தொடங்கிவிட்டன.

மகளுக்குக் கொடுத்த சீதனம்

மார்த்தா அம்மையாருக்கு 1822-இல் பிறந்த மகள் எலிசா. தாயின் பள்ளி முற்றத்திலேயே வளர்ந்ததால் தமிழ் அவருக்கு இயல்பாய் வந்தது. 1844-இல் எலிசா கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். பனைமரமும் செம்மணல் தேரியுமாய்க் கிடந்த சிற்றூர் அது. அங்கே அவர் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார். லேஸ் பின்னும் கலையையும் கற்பித்தார். தாய்வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த உண்மையான சீதனம் அதுவே. 40 ஆண்டுகளுக்கு மேலாகத் திருநெல்வேலிச் சீமைப் பெண்களிடையே பணியாற்றி, 1899-இல் அவர் கண்மூடினார்.

மார்த்தா அம்மையார் ஏறத்தாழ 35 ஆண்டுகள் நாகர்கோவிலில் உழைத்தபின் கணவரோடு தாயகம் திரும்பினார். தேரிக்காட்டில் தம் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் வளர்ந்ததையும், தம் கைத்தொழில் அங்கே வேரூன்றியதையும் அறிந்த பாட்டியாராகவே அவர் வாழ்வை முடித்தார். தாய் மகளுக்குக் கொடுப்பது நகையும் நிலமுமாக மட்டும் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு கைத்தொழிலும் அதைப் பிறர் நலனுக்குப் பயன்படுத்தும் மனமும் கிடைத்தால் அதைவிடச் சீர்வரிசை வேறுண்டோ?

வேறொரு தீவில் வேறொரு தாய்

நாகர்கோவிலில் நடந்தது அங்கே மட்டும் நடக்கக்கூடிய அதிசயம் அன்று. 125 ஆண்டுகளுக்குப் பின், உலகின் மறுகோடியில் மற்றொரு தாய் இதே வழியில் நடந்தார். அவர் பெயர் எட்னா ரூத் பைலர். அமெரிக்காவின் மெனோனைட் சபையைச் சேர்ந்தவர்.

மெனோனைட் மக்களைப் பற்றி நம் வாசகர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். இந்தியாவில் சத்தீஸ்கரின் தம்தரிப் பகுதியில் 1899 முதலும், தெலங்கானாவின் சில பகுதிகளிலும் அவர்களுடைய ஊழியம் உண்டு. ஹாலந்து நாட்டில் கத்தோலிக்கக் குருவாயிருந்து 1536-இல் நம் திருச்சபையைவிட்டு விலகிய மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் அவர்கள் வழங்கப்படுகிறார்கள். வயது வந்தபின்னரே திருமுழுக்கு. எந்த நிலையிலும் ஆயுதம் ஏந்தலாகாது. இவை அவர்கள் கொள்கைகள். இதற்காகக் கத்தோலிக்க அரசர்களும் சீர்திருத்த சபை ஆட்சியாளர்களும் ஒருசேர அவர்களைத் துன்புறுத்தியது வரலாறு. 1998 முதல் 2003 வரை நம் திருச்சபையும் அவர்களும் அமர்ந்து உரையாடி, அமைதிக்காக இணைந்து உழைக்கும் அழைப்பை ஏற்றது நம் காலத்து அருள்.

இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்த மெனோனைட் இளைஞர்கள் சிலர், 1943-இல் கரீபியக் கடலின் புவர்ட்டோ ரிக்கோ தீவுக்குத் தொண்டு செய்ய அனுப்பப்பட்டனர். லா பிளாட்டா என்னும் பள்ளத்தாக்கில் மருத்துவமும் தையல் வகுப்பும் நடந்தன. 1946-இல் அவ்வகுப்பைப் பார்க்கச் சென்றார் எட்னா அம்மையார். வயது 42, குடும்பப் பெண். அத்தீவின் பெண்கள் பூத்தையலில் தேர்ந்தவர்கள், பெரும்பாலோர் கத்தோலிக்கர். நியூயார்க் வணிகர் தரும் வேலை பெரிய தரகர், சிறிய தரகர் என்று இறங்கி இறங்கி வீட்டுத் திண்ணைக்கு வரும்போது, தைப்பவளுக்கு எஞ்சுவது சில காசுகளே. அது பல்லாண்டாய் நிலவிய நிலை.

எட்னா அம்மையார் அத்துணிகளைக் கையோடு எடுத்து வந்து தோழியரிடமும் அண்டை வீட்டாரிடமும் விற்றார். பணத்தைத் தைத்தவர்க்கே அனுப்பினார். தம் மோட்டார் காரின் பின்பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டு, பெண்கள் கூடும் இடமெல்லாம் சென்றார். பின்னர்ப் பாலஸ்தீன அகதிப் பெண்களின் பூத்தையலும் அவர் வழியே விற்பனைக்கு வந்தது. ஒரு வீட்டுக்குள் அடங்கியிருந்த அம்முயற்சி வளர்ந்து, 1996 முதல் 'பத்தாயிரம் கிராமங்கள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் வழங்கலாயிற்று. இந்தியா கிராமங்களில் வாழ்கிறது என்ற காந்தியடிகளின் கருத்தே அப்பெயருக்குத் தூண்டுகோல். ஆர்டர் தரும்போதே பாதிப் பணம், சரக்கை அனுப்பும்போது மீதிப் பணம் என்பது அந்நிறுவனம் கடைப்பிடித்த முறை. சரக்கை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பில் பணத்துக்காகக் காத்திருக்கும் நம் ஜாப் ஒர்க் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

எட்னா அம்மையார் 1976-இல் இறைவனடி சேர்ந்தார். இன்று உலகம் 'நியாய வணிகம்' என்று போற்றும் இயக்கத்தின் தொடக்க நாற்றுகளுள் ஒன்று அவர் கையால் நடப்பட்டது.

நம் திருச்சபையிலும் இத்தகைய தாய் உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசாளைப் பெற்ற செலி அம்மையார், பிரான்சின் அலன்சோன் நகரில் லேஸ் தொழில் நடத்தி, வீட்டிலிருந்து பின்னும் பெண்களுக்கு வேலை கொடுத்தவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் நால்வரை இளமையிலேயே இழந்த அந்த உழைப்பாளித் தாயையும் அவர் கணவரையும் 2015-இல் திருச்சபை புனிதர் நிலைக்கு உயர்த்தியது.

நம் ஊரின் நூல்

இனி நம் ஊருக்கு வருவோம். கூலி நியாயம் என்ற சொல் திருப்பூருக்குப் புதிதன்று. பனியன் ஊராவதற்கு முன் இது கதர் ஊராக விளங்கிற்று. அகில இந்தியச் சர்க்கா சங்கத்தின் தமிழகக் கிளை இங்கேதான் தலைமையிடம் கொண்டிருந்தது. கதரின் விலை ஏறினாலும் ஏறட்டும், நூற்கும் ஏழைப் பெண்ணுக்கு வயிறாரும் கூலி கிடைத்தாகவேண்டும் என்று 1935-இல் காந்தியடிகள் வற்புறுத்த, அச்சங்கம் அதை ஏற்றது. மலிவான துணியைவிட மானமுள்ள கூலியே பெரிது என்ற தீர்ப்பு அது.

இன்று நிலை என்ன? கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பனியன் கம்பெனியின் படிகள் பல. ஒவ்வொரு படியிலும் பெண்கள் நிற்கிறார்கள். பங்கு மக்களைச் சந்திக்கத் தெருக்களில் நடக்கும்போது, வாசற்படியில் அமர்ந்து பீஸ் கணக்கில் பிசிர் வெட்டும் தாய்மாரைக் காண்கிறோம். புவர்ட்டோ ரிக்கோவின் திண்ணையும் நம் ஊர்த் திண்ணையும் வேறல்ல. தென்மாவட்டங்களிலிருந்து வந்த தம்பதியர் எத்தனை பேர், பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே இரவு ஷிப்டில் நிற்கிறார்கள்! ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஞாயிறு பூசையில் பின்வரிசையில் மொழி புரியாமல் நிற்பதையும் காண்கிறோம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாகவேண்டும். 1990-களின் இறுதியிலிருந்து கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஒரு வழக்கம் பரவிற்று. ஏழை வீட்டுப் பெண் மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி உழைக்கவேண்டும். முடிவில் திருமணத்துக்கென்று ஒரு தொகை தரப்படும் என்பது வாக்குறுதி. இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறினால் அந்தத் தொகை கைக்கு வராமற் போனதும் உண்டு. வெளியே செல்லவும், வீட்டாரோடு பேசவும்கூடக் கட்டுப்பாடு. பலரும் கண்டித்தபின், நீதிமன்றமும் அரசும் தலையிட்டபின், அந்தப் பெயர் வெளிப்படையாக வழங்கவில்லை. ஆயினும் விடுதியில் அடைந்து உழைக்கும் இளம்பெண்கள் இன்றும் பலர்.

1821-இல் அடிமைச் சிறுமி நூல் பின்னிக் கூலி பெற்று விடுதலையை வாங்கினாள். நம் காலத்திலோ சுதந்திரமாய்ப் பிறந்த சிறுமி, கூலியை எதிர்பார்த்துத் தன் சுதந்திரத்தை அடகு வைத்தாள். நூல் ஒன்றே. அது விலங்கை அறுப்பதும் விலங்காய்ச் சுற்றுவதும் கூலி கொடுப்பவரின் மனச்சான்றைப் பொறுத்தது.

குடும்பங்கள் செய்யக்கூடியது

உழைத்தவனின் கூலியை விடியும்வரை வைத்திருக்கலாகாது என்பது மோசேயின் சட்டம். கூலியை வஞ்சிப்பது வானை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று நாம் சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். தொழிலாளியின் குடும்பம் கண்ணியமாய் வாழப் போதுமான கூலி அவனுக்கு உரிமை என்று 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் முழங்கினார். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை அவரை நினைந்தே 14-ஆம் லியோ என்று அதே பெயரைச் சூடிக்கொண்டார். போதனை நம்மிடம் குறைவில்லை. செயலுக்குத்தான் சில சிறு வழிகளைக் கூறுகிறோம்.

நம் பங்குகளில் சிறு கம்பெனியும் ஜாப் ஒர்க்கும் நடத்தும் அன்பர்கள் உண்டு. மேலிருந்து பணம் வரத் தாமதமாகிறது என்ற உங்கள் துயரை அறிவோம். ஆயினும் சனிக்கிழமைக் கூலியை வீட்டில் பிசிர் வெட்டும் விதவைக்கு முதலிலும், மற்றக் கணக்குகளுக்குப் பின்னரும் கொடுங்கள். பீஸ் எண்ணிக்கையை அவள் கண்முன் எண்ணுங்கள்.

மகளை ஆலை விடுதிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோரே, சம்பளம் மாதந்தோறும் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வருமா, நினைத்தபோது அவளோடு பேசலாமா, விரும்பினால் வீடு திரும்பலாமா என்று கேட்டறியாமல் அனுப்பவேண்டாம். இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின், எவ்வளவு பெரிய தொகையைச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

தாய்மாரே, பாட்டிமாரே, உங்கள் கையிலுள்ள தொழிலைப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஓவர்லாக் மெஷினில் அமர்ந்திருக்கும் மருமகளின் சம்பளத்தை அவள் கையிலேயே இருக்க விடுங்கள். மொழி தெரியாமல் பின்வரிசையில் நிற்கும் வடநாட்டுப் பெண்ணைப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் காப்பி கொடுங்கள். தன் வயிற்றில் பிறவாத பிள்ளைகளுக்கும் தாயாக இருந்தவரைத்தான் இன்று நினைவுகூர்ந்தோம்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் என்று திருத்தூதர் பணி கூறுகிறது. அவளுடைய வாழ்வுக்கு அந்த ஆடைகளே சாட்சி. திருப்பூரிலிருந்து புறப்படும் ஒவ்வோர் ஆடையும் யாரோ ஒரு தாயின் கைபட்டே போகிறது. அந்தக் கைக்கு உரிய கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் துணிவை இறைவன் நம் குடும்பங்களுக்குத் தருவாராக.